பாதியில் நிற்கும் வெப்காமிக்கை இன்னும் ஏன் படிக்கிறீர்கள்?

முடிவு வருமா வராதா என்றே தெரியாத ஒரு வெப்காமிக்கை யாராவது விரும்பிப் படிப்பீர்களா, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படிக்கிறேன். லாக்கடெய்ஸி என்று பெயர். அமெரிக்காவில் டிரேசி பட்லர் என்ற ஓவியர் 2006-இல் இணையத்தில் இலவசமாகப் போடத் தொடங்கினார். இன்னும் முடியவில்லை.

கதை 1927-இல், செயின்ட் லூயிஸ் நகரத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்த காலம். 1920-இல் வந்த சட்டம் 1933 வரை இருந்தது. மேலே பார்த்தால் சாதாரண காபிக் கடை. கீழே சுண்ணாம்புக் குகைக்குள் திருட்டுத்தனமாக மது, பாட்டு, நடனம். குகை சும்மா கற்பனையில்லை. அந்த ஊருக்கு அடியில் நிஜமாகவே குகைகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மன்காரர்கள் பீரைக் குளிர்ச்சியாக வைக்க அவற்றைத்தான் பயன்படுத்தினார்கள்.

பாத்திரங்கள் எல்லாருமே பூனைகள். கோட்டு சூட்டு போட்டு இரண்டு காலில் நடக்கிற பூனைகள். பூனை என்றதும் குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம், இதில் ஆட்கள் சாகிறார்கள். கடை முதலாளி அட்லஸ் செத்த பிறகு, மனைவி மிட்ஸி கடையை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறாள். கடை நன்றாக ஓடிய நாளில் கூடவே இருந்த மோர்டெகாய் எதிர்க் கூட்டத்துக்குப் போய்விட்டான். மிச்சம் இருப்பது வயலின் வாசிக்கும் அரைக்கிறுக்கன் ராக்கி, போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன அவன் சொந்தக்காரப் பையன் ஃப்ரெக்கிள், இன்னும் சிலர். ஃப்ரெக்கிளைப் பார்த்தால் தொட்டால் அழுதுவிடுவான் போல இருக்கும். கையில் துப்பாக்கி வந்தால் ஆளே வேறு.

நான் மியான்மரில், யாங்கோனில் ஒரு சின்ன அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தமிழிலும் பர்மியத்திலும். சின்ன வயதில் எங்களுக்குக் காமிக்ஸ் என்றால் தெருமுனை வாடகைப் புத்தகக் கடைதான். 2014-இல் வெளிநாட்டு கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு (கியாட் எங்கள் ஊர்ப் பணம்) சிம் கார்டு விற்றார்களே, அதுவரை சிம் கார்டு பணக்கார வீட்டுப் பொருள். அதற்கப்புறம்தான் இந்த மாதிரி விஷயங்கள் எங்கள் கைக்கு எட்டின. ஆகவே நான் வந்து சேரும்போதே கதை மெதுவாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்து காத்திருந்தவர்களின் எரிச்சல் எனக்கில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதில் என்ன இருக்கிறது என்றால், முகங்கள் இருக்கின்றன. பழுப்பேறிய பழைய போட்டோ நிறத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் பென்சில் கோடு தெரியும்படி பட்லர் இழைத்திருப்பார். மோர்டெகாய் மூக்கில் கவ்விக்கொள்ளும் கண்ணாடி போட்டிருப்பான். கணக்குப்பிள்ளையாக இருந்தவன், எதிலும் ஒழுங்கு பார்ப்பவன். அவனுக்குக் கோபம் வந்தால் வாய் அசையாது, இமை மட்டும் ஒரு நூல் இறங்கும், காது பின்னால் மடியும். ராக்கி நேர் எதிர். மாட்டிக்கொண்டால் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிப்பான், காது மட்டும் உண்மையைச் சொல்லிவிடும். மனிதர்களாக வரைந்திருந்தால் இந்தக் காதும் வாலும் கிடைத்திருக்காது. முகபாவத்தை எப்படி வரைவது என்று பட்லரே விளக்கப் பக்கங்கள் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஒரு தரம் கோயில் நோட்டீஸில் பிள்ளையாரின் காதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து வரைந்தேன். கோயில் தலைவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பிள்ளையார் நாம சொல்றதைக் காது கொடுத்துக் கேக்குற மாதிரியே இருக்காரே" என்றார். அப்படியே அச்சுக்குப் போனது.

எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அண்ணனுக்கு இது புரிவதில்லை. "ஏன் தம்பி, முடிவில்லாத கதையைப் போய்த் திரும்பத் திரும்பப் படிக்கிறியே, வேற கதையா இல்லை?" என்பார். பிறகு அவரே வழியும் சொல்வார்: "அந்த அம்மா முடிக்கலேன்னா வேற யாராவது முடிக்கட்டுமே. கல்கி கதையை அவர் மகள் முடிக்கலையா?" அவர் சொல்வது சரிதான். 1954-இல் கல்கி இறந்தபோது 'அமரதாரா' தொடர்கதை பாதியில் நின்றது. அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்திதான் அதை முடித்தார். ஆனால் எழுத்துக்கு நடப்பது இதற்கு நடக்காது, அண்ணே. அட்லஸ் எப்படிச் செத்தான், மோர்டெகாய் ஏன் போனான் என்று பட்லர் நாளைக்கே நாலு வரியில் எழுதிப் போட்டுவிடலாம். தெரிந்துகொள்ள ஆசைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த உண்மை மிட்ஸிக்குத் தெரியவரும்போது அவள் முகம் எப்படிப் போகும் என்பதுதான் எனக்கு வேண்டும். அதை அந்தக் கைதான் வரைய வேண்டும்.

ஏன் நின்றது என்றால், இவ்வளவு இழைத்து வரைந்தால் ஒரே ஆளால் வருஷத்துக்கு எத்தனை பக்கம் முடியும்? 2011-இல் காமிக்ஸுக்கென்றே அமெரிக்காவில் கொடுக்கும் ஐஸ்னர் விருதுக்கு டிஜிட்டல் காமிக்ஸ் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட வேலை இது, சும்மா கிறுக்கியது இல்லை. அப்புறம் 2020-இல் கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் பணம் திரட்டி அனிமேஷன் எடுத்தார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு பணம் வந்தது. 2023 மார்ச்சில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு படம் யூடியூபில் வந்தது. பட்லரின் நேரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. இதற்காக அவரைத் திட்டுபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நான் இதுவரை ஒரு கியாட் கொடுத்ததில்லை, இங்கிருந்து கார்டில் கட்டவும் எனக்கு வழியில்லை. ஓசியில் சாப்பிட்டுவிட்டுப் பாயசம் எங்கே என்று எப்படிக் கேட்பது?

2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இங்கே ராத்திரியில் இணையத்தை நிறுத்தினார்கள், மார்ச்சில் மொபைல் டேட்டாவும் போனது. தொடர்ந்து வந்துகொண்டிருந்த வேறு காமிக்ஸ் எல்லாம் அப்படியே அறுந்துவிட்டன. இது மட்டும் போனில் இறக்கி வைத்திருந்தபடியே முழுசாக இருந்தது. புதுப் பக்கம் வராத காமிக்ஸுக்கு இன்டர்நெட் எதற்கு? கரண்ட் இல்லாத ராத்திரிகளில் பேட்டரியை மிச்சம் பிடித்துப் பிடித்துப் படித்தேன். பின்னணியில் நிற்கும் குடிகாரர்கள், பாண்டு வாசிப்பவர்களின் முகத்தையெல்லாம் அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நிற்கிறவனுக்குக்கூட ஒரு சொந்தக் கவலை இருக்கிற மாதிரி வரைந்திருக்கிறார்.

படிக்கப் போகிறீர்கள் என்றால் அனிமேஷனை அப்புறம் பாருங்கள், முதலில் காமிக்ஸ். ஆரம்பப் பக்கங்களில் கோடு கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பேச்சு அதிகம். ராக்கி வாயைத் திறந்தால் மூடமாட்டான். பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போக பட்லரின் கை தேறுவது கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலம் பழைய காலத்து ஆங்கிலம், எனக்குப் பல இடத்தில் அகராதி தேவைப்பட்டது. போனைவிடக் கம்ப்யூட்டரில் படிப்பது நல்லது.