ஏழு ஆண்டு, ஆனால் எந்தத் தேதியிலிருந்து?

அமெரிக்காவில் கடன் அறிக்கையில் (கிரெடிட் ரிப்போர்ட்) ஏறிய கறை எப்போது நீங்கும் என்று கேட்டவர்களுக்கு, கடன் ஆலோசனைப் பணியில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் என் பதில்கள்.

கேள்வி: 2019 மார்ச்சில் கிரெடிட் கார்டு தவணை தவறியது. அதன் பிறகு கட்டவே முடியவில்லை. 2022இல் ஒரு வசூல் நிறுவனம் அந்தக் கடனை வாங்கியது. 2029 வரை இது என்னைத் துரத்துமா, ஐயா?

பதில்: துரத்தாது. கடன் கைமாறினாலும் தேதி மாறாது. தவறிய பிறகு சரிக்கட்டவே முடியாமல் போன அந்த முதல் தவணைதான் ஏழு ஆண்டுக் கணக்கின் தொடக்கம். சட்டத்தின் வாசகம் அதற்கு மேலும் 180 நாள் இடம் தருகிறது. ஆனாலும் வழக்கத்தில் முதல் தவறிலிருந்தே ஏழு ஆண்டு எண்ணுகிறார்கள். அறிக்கையில் வங்கி எழுதிய பதிவும் வசூல்காரர் எழுதிய பதிவும் சேர்ந்தே போக வேண்டும்.

உங்களைக் குழப்பியது எது என்று ஊகிக்க முடிகிறது. வசூல்காரர் பதிவில் ‘கணக்குத் தொடங்கிய நாள்’ 2022 என்று இருக்கும். அவர் கடனை வாங்கிய நாள் அது; அதில் தவறில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் தவறின் தேதி. எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் அறிக்கை நிறுவனங்களின் அறிக்கைகளில் எந்த மாதம் நீங்கும் என்றே ஒரு குறிப்பு இருக்கும். அங்கே 2029 என்று இருந்தால் சண்டை போடுங்கள். தேதியைத் தள்ளிப்போடுவது சட்டவிரோதம்.

கேள்வி: முழுவதும் கட்டிவிட்டால் உடனே அழித்துவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். ‘கட்டப்பட்டது’ என்று மாறும், அவ்வளவுதான். மருத்துவக் கடன் மட்டும் விலக்கு: வசூலுக்குப் போனாலும் கட்டியதும் நீங்கிவிடும். இது 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி: ‘நல்லெண்ணத்துக்கு 20 டாலர் கட்டுங்கள்’ என்று வசூல்காரர் தேனொழுகப் பேசுகிறார். கட்டினால் ஏழு ஆண்டு மறுபடி தொடங்குமா, அண்ணா?

பதில்: தொடங்காது. ஆனால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். அறிக்கைக்கு ஒரு காலக்கெடு, வழக்குத் தொடுக்க வேறொரு காலக்கெடு. இரண்டாவது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் சிறு தொகை கட்டினாலே அது புதிதாகத் தொடங்கிவிடும். அந்த 20 டாலரின் இனிப்பு எங்கே இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

கேள்வி: திவால்?

பதில்: சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் ஏழாம் பிரிவு என்றால் மனுச் செய்த நாளிலிருந்து பத்து ஆண்டு. தவணையாகக் கட்டித் தீர்க்கும் பதின்மூன்றாம் பிரிவை வழக்கமாக ஏழு ஆண்டில் நீக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: தவறான தேதியைத் திருத்தித் தர ஒரு நிறுவனம் முன்பணம் கேட்கிறது.

பதில்: வேலை முடியும் முன்பே அவர்கள் பணம் வாங்கக் கூடாது. நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய வேலைதான் அது. பழைய வங்கி அறிக்கையின் நகலை இணைத்து, தவறான தேதி எந்தெந்த அறிக்கையில் இருக்கிறதோ அந்த நிறுவனங்களுக்கெல்லாம் தனித்தனியே மறுப்பு எழுதுங்கள். பொதுவாக 30 நாளில் விசாரித்தாக வேண்டும். உண்மையான கறையை எவராலும் அழித்துத் தர முடியாது. முடியும் என்பவரிடம் பேச்சை முறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடன் கேட்டு விண்ணப்பித்ததும் பதிவாகிறதே?

பதில்: இரண்டு ஆண்டு. அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.