அப்பாவின் சைக்கிளும் எழுபது வயது முழங்காலும்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் நான்கு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரமாயிற்று. எழுதியவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பலரும் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தையார் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் வாங்கிய ராலி சைக்கிள் கொல்லைப்புறத்தில் முப்பது ஆண்டுகளாகச் சாத்திக் கிடக்கிறது. அது சீமையிலிருந்து வந்தது என்பார் அவர்; இந்தியாவில் செய்தது என்கிறான் என் தம்பி. எப்படித் தெரிந்துகொள்வது? முகப்பு வில்லையின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்த படியை இணைத்துள்ளேன்.
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: ராலியின் ஆலை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்தது. 1950களில் சென்-ராலி என்ற கூட்டு நிறுவனம் மேற்கு வங்கத்தின் அசன்சோலில் அதே சாயலில் வண்டிகளைச் செய்யத் தொடங்கிவிட்டதால், தோற்றத்தை மட்டும் பார்த்து உங்கள் வீட்டு வழக்கைத் தீர்க்க இயலாது. தாங்கள் அனுப்பிய படியில் ராலியின் சின்னமான நாரையின் கழுத்து நன்றாகவே விழுந்திருக்கிறது. ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய அடிப்பகுதிதான் தேய்ந்துபோயிருக்கிறது.

ஊர் தெரியாவிட்டாலும் வயதையாவது அறிய, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் துடைத்துப் பாருங்கள். அது ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பாக இருந்தால், ஓட்டின்மேல் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் அருகே இரண்டு இலக்க எண்ணும் பதிந்திருக்கும். அந்த எண் 56 என்றால் ஹப் 1956இல் செய்யப்பட்டது என்று பொருள். இந்த வகை ஹப் 1936இல் வந்தது. சக்கரத்தை எவரேனும் இடையில் மாற்றியிருந்தால் அந்த எண் சக்கரத்தின் வயதைத்தான் சொல்லுமே தவிர வண்டியின் வயதைச் சொல்லாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். செயின் கவரைக் கழற்றியதும் முன்பல்சக்கரத்தையும் கவனியுங்கள். ராலியில் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். ஹம்பர் என்ற ஆங்கில வண்டியில் ஐந்து மனித உருவங்கள் நிற்கும். துப்பாக்கி செய்து பெயர்பெற்ற பர்மிங்ஹாம் நிறுவனத்தின் பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்துகளே சக்கரத்தைத் தாங்கும்.

கேள்விக்கு வெளியே ஒரு செய்தி. ஹாங்காங்கில் பொருளீட்டி, உடல் நலிந்து நாடு திரும்பிய ஃபிராங்க் பௌடன் என்பவர் மருத்துவர் சொல்லித்தான் சைக்கிளில் ஏறினார். உடம்பு தேறியதும் 1887இல் நாட்டிங்ஹாமின் ராலி தெருவுக்குச் சென்று, வாரத்துக்கு மூன்று வண்டிகள் செய்துவந்த சிறு பட்டறை ஒன்றில் பணம் போட்டார். அந்தத் தெருவின் பெயர்தான் உங்கள் கொல்லைப்புறம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கேள்வி: துருப்பிடித்த வண்டியை முழுக்கச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர். செய்யலாமா?
— வங்கி ஊழியர் (ஓய்வு), மதுரை

பதில்: வேண்டாம். பட்டுத் திருந்தியவன் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் ஹெர்குலிஸ் வண்டியை, புத்தம் புதிதாகத் திரும்பி வரும் என்ற ஆசையில், ஒரு பட்டறையில் கொடுத்தேன். அமிலத் தொட்டியில் முக்கியெடுத்து, கண்ணைப் பறிக்கும் கறுப்பில் குளிப்பாட்டித் தந்தார்கள். மட்கார்டின் ஓரமாக ஒரு பொன்னிறக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. தூரிகை தொடங்கிய இடத்தில் சற்றே தடித்து, முடியும் இடத்தில் மயிரிழையாக மெலிந்த கோடு அது. யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் இழுத்தது என்பது பார்த்தாலே தெரியும். அது போயிற்று. சீட்டுக் குழாயருகே வெட்டியிருந்த வண்டி எண்ணும் பெயிண்டுக்கு அடியில் புதைந்துவிட்டது.

சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் எடுங்கள். ஹேண்டில்பார், ரிம் முதலிய குரோமிய பாகங்களில் உள்ள துருவை, உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் நீக்கிவிடலாம். பெயிண்டின்மேல் மட்டும் அதைக் கொண்டு தேய்த்துவிடாதீர்கள். இரும்பு வெளியே தெரியும் இடங்களில் துருவைச் சுரண்டி, சிறு தூரிகையால் அந்த இடத்துக்கு மட்டும் கறுப்புத் தொட்டு வைத்து, முழு வண்டிக்கும் மெழுகு பூசினால் போதும். தேய்ந்துபோகும் பொருள்களான டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸ் ஆகியவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள். மற்றவற்றில் கை வைக்கும் முன் இரண்டு நாள் யோசியுங்கள்.

கேள்வி: மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று சத்தம் வருகிறது. கடையில் நட்டை முடுக்கித் தந்தார்கள். நான்கு நாளில் மறுபடியும் அதே சத்தம்.
— அச்சகத் தொழிலாளி, தஞ்சாவூர்

பதில்: காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. பழைய வண்டிகளில் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கை அச்சோடு பிணைத்து நிறுத்துவது, ஒருபக்கம் சரிவாகச் சீவிய அந்தச் சிறு இரும்பு ஆப்பு ஒன்றுதான். நட்டின் வேலை ஆப்பை இழுத்து இறுக்குவது அன்று. இறுகிய ஆப்பு நழுவாமல் காப்பது மட்டுமே. ஆகவே நட்டை எவ்வளவு முடுக்கினாலும் சத்தம் திரும்ப வரத்தான் செய்யும்.

பின்னைக் கழற்றும் முறையில்தான் பல நல்ல வண்டிகள் கெட்டுப்போகின்றன. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அந்தரத்தில் தொங்கும் கிராங்கின்மேல் சுத்தியலால் அடித்தால், அடி முழுவதும் அச்சு வழியாக இறங்கி, பால்ஸ் ஓடும் கிண்ணத்தில் பள்ளம் விழச் செய்யும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைப் பின்னின் இரு முனைகளிலும் விட்டு வையுங்கள். மறுநாள், பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவுக்குத் துளையுள்ள தடித்த இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து கிராங்குக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல், அதன் மேல்விளிம்பு பின்னின் மரையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, நேராக, அழுத்தமாக ஒரே அடி அடியுங்கள். பத்துச் சின்ன அடிகளால் மரை நசுங்குமே ஒழிய பின் அசையாது.

புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ராலி முதலிய ஆங்கில வண்டிகளுக்கு 9.5 மில்லிமீட்டர்; சில வண்டிகளுக்கு 9 மில்லிமீட்டர். வலது, இடது பின்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைய வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, ஒரு கால் மட்டும் நொண்டுவது போலிருக்கும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் பின்னை மறுபடி ஒரு தட்டுத் தட்டி நட்டை முடுக்குங்கள். நாட்டிங்ஹாமில் செய்த ராலியின் கிராங்க் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 26 மரை. கடைகளில் கிடைப்பவற்றில் பொதுவாக 24. எனவே முழு வண்டியையும் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டும் ஓவராயிலுக்கு விடும்போது பழைய கிண்ணத்தைத் தூக்கியெறிய விடாதீர்கள். ஓவர்ஹால் என்ற சொல்லை நம் சைக்கிள் கடைகள் ஓவராயில் ஆக்கியபோது, எண்ணெயை மிகுதியாக ஊற்றுவதுதான் அந்த வேலை என்று நானே சிறுவயதில் நம்பியிருந்தேன்.

கேள்வி: எனக்கு வயது 71. சட்டம் 24 அங்குலமுள்ள பழைய வண்டியைச் சரிசெய்துவிட்டேன். மூன்று கிலோமீட்டர் போனால் முழங்கால் வலிக்கிறது. முன்பு போலக் கெந்தி ஏறவும் பயமாக இருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதானா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: வலி முழங்காலுக்குள் இருக்கும் தேய்மானத்தால் வருகிறதா என்பதை எலும்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியால் வரும் வலி என்றால் அதற்கு வழி உண்டு. விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி சீட்டை இறக்கிக்கொள்வது நம்மில் பலரின் வழக்கம். அப்படி ஓட்டும்போது முழங்கால் எந்நேரமும் மடங்கியே உழைக்கிறது. கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்கும் உயரமே சரியானது. ஒரேயடியாக உயர்த்தாமல், வாரத்துக்கு ஒரு விரற்கடை வீதம் உயர்த்துங்கள்.

அடுத்தது பின்சக்கரத்தின் பல்சக்கரமான பிரிவீல். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 28 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். இளவயதில் அது வேகம். இப்போது அது சுமை. பின்னே 22 பல் பிரிவீல் போட்டால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர்தான் ஓடும், ஆனால் எதிர்காற்றிலும் பாலத்து ஏற்றத்திலும் கால் இலகுவாகச் சுற்றும். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். பெரிய செலவில்லை.

ஏறுவதைப் பற்றி: இடதுகாலைப் பெடலில் வைத்து இரண்டு எட்டுக் கெந்தி, வலதுகாலைப் பின்னால் வீசிப் போடும் அந்த அழகை நாம் விட்டுவிடத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த வயதானவர்கள் சைக்கிளில் விழுந்ததெல்லாம் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். வண்டியை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்து, காலைப் பாருக்கு மேலே எடுத்துப் போட்டு, நிமிர்த்திய பின் ஏறி உட்காருங்கள். வாசற்படி ஓரம் இதற்கு மிக உதவும். அதுவும் கடினமானால் பார் இல்லாத வண்டிக்கு மாறுங்கள். 'லேடீஸ் சைக்கிளா' என்று தெரு சிரிக்குமே என்றால், சிரிப்பவர் வந்து உங்களைத் தூக்கிவிடப் போவதில்லை. மழை நாளில் கம்பி பிரேக்கை நம்பாதீர்கள். நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும்.

கேள்வி: பழைய ராலிக்கு இலட்சக்கணக்கில் விலை தருகிறார்களாமே?
— சேலம் வாசகர்

பதில்: பழைய நாணயத்துக்கும் இப்படித்தான் சொன்னார்கள். ஆலையிலிருந்து இலட்சக்கணக்கில் வெளிவந்த வண்டி அபூர்வப் பொருளாகாது.

கேள்வி: 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்தைச் சுமந்தது ஒரு றலி (ராலி) சைக்கிள். அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். இன்றும் அது ஓடுகிறது. இருட்டியபின் வெளிச்சம் போதவில்லை. டைனமோவைக் கழற்றாமல் ஏதும் செய்யலாமா?
— யாழ்ப்பாண வாசகர்

பதில்: கழற்ற வேண்டாம், ஐயா. அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட் தருவது, முன்விளக்குக்கு 2.4, பின்விளக்குக்கு 0.6 என்று அது பிரிந்துபோகும். பழைய பல்ப் அதில் பெரும்பகுதியைச் சூடாக்கியே தீர்த்துவிடும். டைனமோவுக்கென்றே செய்த எல்.இ.டி. விளக்கு வாங்கினால் அதே 3 வாட்டில் பலமடங்கு வெளிச்சம் கிடைக்கும். டைனமோ தருவது மாறுதிசை மின்சாரம் என்பதால் பேட்டரிக்கான எல்.இ.டி.யை நேரடியாக இணைக்காதீர்கள். வண்டி நின்றபின்பும் சில நிமிடம் எரியும் வகையும் உண்டு. சந்தியில் காத்து நிற்கையில் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரிய வேண்டுமாகையால் அதையே தேர்ந்தெடுங்கள். டைனமோவின் அச்சுக்கோடு சக்கரத்தின் நடுவை நோக்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். கோணினால் டயரின் பக்கவாட்டைத் தின்றுவிடும்.

கேள்வி: எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றவள் நான். அப்போது கடன் போட்டு வாங்கிய பார் வைத்த வண்டி இன்னும் இருக்கிறது. 'இந்த வயதில் உனக்கு எதற்கு' என்கிறான் மகன். பேரனை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போக ஆசை.
— புதுக்கோட்டை வாசகி

பதில்: அம்மா, 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, உங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றது நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி. பெண்களுக்கான வண்டி போதிய அளவில் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. உங்கள் மகனும் ஒருவேளை அந்தப் பாரில் உட்கார்ந்து போனவராக இருக்கலாம், நினைவுபடுத்திப் பாருங்கள்.

முதலில் ஒரு மாதம் தனியாக ஓட்டிக் கையையும் தோளையும் பழக்குங்கள். பிறகு பத்துக் கிலோ அரிசியைப் பையில் கட்டி முன்பாரில் வைத்து, நெரிசல் இல்லாத தெருவில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். முன்பாரம் ஏறினால் ஹேண்டில் திரும்பும் விதமே மாறிவிடும். அதன்பின் பேரனை ஏற்றலாம். பாரில் முடுக்கும் சிறு சீட்டு சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். வாங்கும்போது கால் வைக்கக் கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தொங்கும் கால்தான் முன்சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சிக்குகிறது. அந்தக் கம்பியில் பேரனின் பாதம் எட்டவில்லையென்றால், அவன் இன்னும் கொஞ்சம் வளரும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட்டிப் போங்கள்.