ஆர்22 ஹெலிகாப்டர்: ஹோவரிலிருந்து (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதிலிருந்து) கிளம்பும்போது வலப்பக்கம் சாய்வது ஏன்?

15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வாக்கில் நடுங்கி வலப்பக்கம் சாய்கிறது என்றீர்கள். அது கோளாறு இல்லை. சைக்ளிக்கை (ரோட்டரைச் சாய்க்கும் கைத்தண்டை) இடப்பக்கம் கொஞ்சம் கொடுத்துப் பிடியுங்கள்.

நகரத் தொடங்கியதும் மேலே சுழலும் ரோட்டரின் முன்பாதிக்குக் கலையாத காற்று கிடைக்கிறது. பின்பாதியோ ஏற்கெனவே கீழே தள்ளப்பட்ட காற்றில் சுழல்கிறது. பின்னால் தூக்குவிசை குறையும். ஆனால் பிளேடு தாழ்வது, சுழலும் திசையில் கிட்டத்தட்ட 90 டிகிரி தள்ளித்தான். மேலிருந்து பார்த்தால் ஆர்22 இடஞ்சுழி, ஆகவே தாழ்வது வலப்பக்கம்.

16 முதல் 24 நாட்டுக்குள் ரோட்டர் தன் பழைய சுழல்காற்றிலிருந்து வெளியே வரும். தூக்கு கூடும், மூக்கு எழும், வால் ரோட்டரும் வலுத்து மூக்கை இடப்பக்கம் தள்ளும். சைக்ளிக்கை முன்னே தள்ளி, வலது பெடலை (வால் ரோட்டரைக் கட்டுப்படுத்தும் மிதி) மிதியுங்கள். மூக்கு எழுவதைச் சும்மா விட்டால் வேகம் செத்து மறுபடி அதே நடுக்கத்துக்குள் விழுவீர்கள்; பயிற்சியில் அடிக்கடி நடப்பது இதுதான்.

காற்றில்லாத நேரத்தில் பயிற்றுநருடன் செய்து பாருங்கள். 30 நாட் தாண்டியும் அதிர்ந்தால் பிளேடு டிராக்கிங் (பிளேடுகள் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்பது), பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு குறைந்த வேகத்தில் வேகமானி முள்ளை நம்ப வேண்டாம். எதிர்காற்றே 15 நாட் இருந்தால் ஹோவரிலேயே நடுங்கும்.

எச்125 போன்ற வலஞ்சுழி ரோட்டரில் சாயும் பக்கமும் பெடலும் மாறும். மூக்கு எழுவது மாறாது.