ரோடியோவில் (காளை, முரட்டுக் குதிரை மேல் ஏறித் தாக்குப்பிடிக்கும் அமெரிக்கக் கௌபாய் போட்டி) மைக் பிடிக்கும் அறிவிப்பாளர்களுக்கு அது முழுநேர வேலையா? குரல் இருந்தால் போதுமா?

முழுநேரமாகச் செய்பவர்கள் உண்டு, ஆனால் கொஞ்சப் பேர்தான். குரல் மட்டும் போதாது.

ஹூஸ்டனில் இருப்பதால் மார்ச் வந்தால் ரோடியோ பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. எனக்குக் கண் காளை மேல் இருந்தாலும் காது மைக் மேல்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காளை மேலோ முரட்டுக் குதிரை மேலோ ஒருவர் தாக்குப்பிடிக்க வேண்டியது 8 விநாடி. 30 பேர் ஏறி ஒருத்தர்கூட விழாவிட்டாலும் மொத்தமே 4 நிமிடம். கயிறு வீசிக் கன்றைப் பிடிக்கிற போட்டிகளைச் சேர்த்தாலும் பெரிதாகக் கூடிவிடாது. நாம் உட்கார்ந்திருப்பதோ இரண்டு மணி நேரத்துக்கு மேல். அந்த மிச்ச நேரத்துக்குத்தான் அறிவிப்பாளருக்குக் காசு. கூண்டுக்குள் காளை அடம்பிடித்துப் படுத்துக்கொள்ளும். அதற்குள் வீரருக்கு எந்த ஊர், இந்த ஆண்டு எவ்வளவு ஜெயித்தார், இதே காளை இதற்கு முன் யாரைத் தூக்கியெறிந்தது என்று ஒவ்வொன்றாக வரும். களத்தில் கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் கோமாளிக்கும் மைக் உண்டு. இருவரும் மாறி மாறிக் கலாய்த்துக்கொள்வார்கள்.

விதிகளும் நுனிநாக்கில் இருக்க வேண்டும். முரட்டுக் குதிரை கூண்டிலிருந்து பாய்ந்து வந்து முன்னங்கால் முதல்முறை தரையில் படும்போது, வீரரின் பாதங்கள் அதன் தோள்பட்டைக்கு மேலே இருக்க வேண்டும். தவறினால் 8 விநாடி உட்கார்ந்தும் மதிப்பெண் கிடையாது. கூட்டம் முழிப்பதற்குள் இதை ஒரே வரியில் புரியவைக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு பையன் விழுந்து எழவேயில்லை. பாட்டு நின்றது. அறிவிப்பாளர் குரலைத் தணித்து, மருத்துவக் குழு பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். எங்கே அடி, எவ்வளவு மோசம் என்று ஒரு வார்த்தை ஊகிக்கவில்லை. பையனின் அம்மாவும் அரங்கில் இருக்கலாம் அல்லவா? பிறகு அவன் ஊரைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார், அவன் எழுந்து நடக்கும்வரை. எனக்கு இந்தத் தொழில்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

பிழைப்பு என்று பார்த்தால், மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு ஊர் ரோடியோ கமிட்டியோடும் தனித்தனி ஒப்பந்தம். தொழில்முறை ரோடியோ வீரர்கள் சங்கமான பி.ஆர்.சி.ஏ. அங்கீகரித்த ரோடியோக்களில் பேச அதன் அட்டை வேண்டும். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4-ஐ ஒட்டிய வாரம்தான் உச்சகட்ட சீசன். சின்ன ஊர்களில் பேசுபவர்கள் பண்ணை, ஏலம், ரேடியோ என்று வேறொன்றையும் கையில் வைத்திருப்பார்கள். டிசம்பரில் லாஸ் வேகஸில் 10 இரவு நடக்கும் தேசிய இறுதிப் போட்டியில் பேசுவதுதான் உச்சம். பாப் டால்மன் அப்படிப் பெயர் வாங்கியவர். நெப்ராஸ்காவின் ஹாட்லி பாரெட் 80 வயதைத் தாண்டியும் மைக்கை விடவில்லை. ஓக்லஹோமாவின் கிளெம் மெக்ஸ்பேடன் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகவே இருந்தார், 1973 முதல் 1975 வரை. மேடைப் பேச்சுக்கு அவருக்குத் தனிப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது!

ஆசை இருந்தால் உயர்நிலைப் பள்ளி ரோடியோக்களில் ஆரம்பியுங்கள். அங்கே பாட்டு போடுவது, ஸ்பான்சர் பெயர் வாசிப்பது, காணாமல்போன கார் சாவிக்கு அறிவிப்பு கொடுப்பது எல்லாமே உங்கள் தலையில்தான் விழும்.