பள்ளியிலிருந்து வந்த பல்கலைக்கழகப் படிவம்: கையெழுத்துப் போடலாமா?

தம்பி,

நீங்கள் இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மகள் இயர் 10 (பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படிக்கிறாள். பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்திருக்கிறாள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆறு வாரம் ஏதோ வகுப்பு நடத்துகிறார்கள், நடுவில் ஒரு நாள் அங்கே போய்வர வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். "காசு எதுவும் கேட்கவில்லை, அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு) நேரத்தில் இது தேவையா? பின்னால் அங்கேதான் சேர வேண்டும் என்று மாட்டிவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போட்டு நாளைக்கே கொடுத்தனுப்புங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் சந்தேகம் எனக்கும் இருந்தது. என் மூத்தவன் இயர் 9-ல் இருந்தபோது இப்படித்தான் ஒரு கடிதம் வந்தது. கல்லூரிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் ஆள் பிடிக்கத்தான் வருவார்கள் என்பது நம் மண்டையில் ஊறிப்போன கணக்கு. விளம்பரம் என்று நினைத்து, கரன்ட் பில்களோடு சேர்த்து அலமாரியில் சொருகிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவன் நண்பன் வீட்டுக்கு வந்தான். எலும்புக்கூட்டின் இடுப்பெலும்பைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது என்று சோபாவில் உட்கார்ந்துகொண்டு விளக்கினான். பல்கலைக்கழகத்தில் கையில் எடுத்துப் பார்த்தானாம். என் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. நண்பன் போனபிறகு, "என் ஃபார்ம் என்னாச்சும்மா?" என்று மட்டும் கேட்டான். அலமாரியைத் திறந்து காட்ட எனக்கு மனசு வரவில்லை.

சரி, காசு ஏன் கேட்கவில்லை என்பதற்கு வருகிறேன். இது தர்மமும் இல்லை, தந்திரமும் இல்லை. இங்கே ஒரு பல்கலைக்கழகம் உள்நாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் வாங்க வேண்டுமானால் (2025-26-ல் அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 9,535 பவுண்டு) அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வழக்கமாகப் பல்கலைக்கழகம் எட்டிப் பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகளை உள்ளே கொண்டுவர என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதி, 'ஆஃபிஸ் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்' என்ற கண்காணிப்பு அமைப்பின் ஒப்புதலை வாங்க வேண்டும். சேர்க்கை நேரத்தில் கதவைத் திறந்து வைத்தால் போதாது, பிள்ளைகள் பதினாறு வயதை எட்டும் முன்பே பள்ளிகளோடு சேர்ந்து அவர்களின் படிப்பை உயர்த்த வேண்டும் என்றும் அந்த அமைப்பு வலியுறுத்துகிறது. ஆக உங்கள் மகள் கொண்டுவந்த படிவம் அவர்கள் செய்தே ஆக வேண்டிய வேலை.

பள்ளிக்கும் ஒரு கடமை இருக்கிறது. 2014-ல் வெளியான காட்ஸ்பி அளவுகோல்கள் என்று எட்டு உண்டு. வேலை, மேற்படிப்பு பற்றி ஒரு பள்ளி எப்படி வழிகாட்ட வேண்டும் என்பதை அவைதான் வரையறுக்கின்றன. அதில் ஏழாவது, பிள்ளைகள் மேற்படிப்பு இடங்களை நேரில் சந்திப்பது பற்றியது. பல்கலைக்கழகம் போக நினைக்கும் பிள்ளை பதினெட்டு வயதுக்குள் குறைந்தது இரண்டு முறையாவது ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே படிப்பவர்களோடும் கற்பிப்பவர்களோடும் பேசியிருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. இரண்டு பக்கத்துக்கும் தேவை இருப்பதால்தான் இந்தக் கூட்டு நடக்கிறது.

மாட்டிவிடுவார்களா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில்: மாட்டார்கள். பதினெட்டு வயதில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக உங்கள் மகள் எங்கே வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

இந்தக் கூட்டு எப்படியெல்லாம் இருக்கும் என்று நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் எல்லாம் ஒரே தரம் இல்லை. கீழ்ப்படியில் இருப்பது ஒரு நாள் உலா. கலர் டி-ஷர்ட் போட்ட மாணவர்கள் வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், பேனாவும் துணிப்பையும் தருவார்கள், மாலை மூன்றுக்குப் பஸ் திரும்பிவிடும். கெடுதல் இல்லை. ஆனால் அடுத்த வாரமே மறந்துபோகும். அதற்கு மேல், வாரம் ஒரு முறை வந்து நடத்துவது. 'பிரில்லியன்ட் கிளப்' என்ற தொண்டு நிறுவனம், பிஎச்.டி. செய்பவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, சின்னக் குழுக்களுக்குத் தங்கள் ஆராய்ச்சியையே பாடமாக எடுக்க வைக்கிறது. கடைசியில் பிள்ளைகள் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகப் பாணியிலேயே தரம் போடுவார்கள். உங்கள் மகளுடைய ஆறு வாரமும் ஏறக்குறைய இந்த வகைதான் என்று தோன்றுகிறது. இது நல்ல வகை.

இன்னும் மேலே போனால், பல்கலைக்கழகமே பள்ளியைத் தூக்கி நிறுத்துவது. லண்டனில் யு.சி.எல். பல்கலைக்கழகம் பின்னால் நிற்கும் யு.சி.எல். அகாடமி 2012-ல் திறந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே 2015 முதல் ஒரு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது. பதினாறு வயதுக்கு மேல் கணக்கில் பிடிப்பு உள்ளவர்களுக்கென்று கிங்ஸ் காலேஜ் லண்டனும் எக்ஸிட்டர் பல்கலைக்கழகமும் 2014-ல் கணிதப் பள்ளிகள் தொடங்கின. அதற்குப் பிறகு வேறு சில ஊர்களிலும் வந்துவிட்டன. மகளுக்குக் கணக்கு வருமென்றால், இயர் 11 தொடங்கும்போதே இவற்றின் சேர்க்கைத் தேதிகளைப் பார்த்துவைக்கவும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டும் உண்டு. ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தாலும், ஆண்டில் பாதிக்கு மேல் பள்ளியில்தான் நிற்பார், அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். "எங்கள் மிஸ் புதுசு, தடுமாறுகிறார்" என்று மகள் சொன்னால் உடனே புகார் எழுதிவிடாதீர்கள்.

இதையெல்லாம் எங்கே கற்றேன் என்று கேட்பீர்கள். அலமாரிக் கடிதத்தின் குற்றவுணர்வில், பின்னால் அதே பள்ளியில் பெற்றோர் கவர்னராக, அதாவது நிர்வாகக் குழுவில் பெற்றோர் தரப்பு உறுப்பினராக, நின்றேன். சம்பளம் கிடையாது, நான்கு ஆண்டுப் பொறுப்பு. பல்கலைக்கழகக் கூட்டு என் தலையில் விழுந்தது.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் இயர் 10-க்கு வந்தார். நல்ல மனிதர், தன் துறையில் பெரிய ஆள். நாற்பது ஸ்லைடு கொண்டுவந்தார். பத்தாவது ஸ்லைடில் பின்வரிசை மேஜையில் தலை சாய்ந்தது, இருபதாவதில் நடுவரிசையும். மணி அடித்ததும் எங்கள் வேதியியல் டீச்சர் அவரைத் தனியாக உட்காரவைத்து, "இதில் எது உங்களுக்கே ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். அவர் யோசித்து, தெரியாத ஒரு பொருளை என்னவென்று கண்டுபிடிப்பது என்றார். "அப்போ அதை மட்டும் செய்யுங்கள்."

அடுத்த வாரம் ஸ்லைடு இல்லை. மேஜைக்கு மேஜை ஐந்து கிண்ணத்தில் ஐந்து வெள்ளைப் பொடி, ஒரு குடுவை தண்ணீர், கொஞ்சம் வினிகர். எது எது என்று சொல்ல வேண்டும், நாக்கில் வைக்கக்கூடாது. வினிகர் ஊற்றியதும் இரண்டு கிண்ணம் பொங்கியது. "சோடா மாவு!" என்று இரண்டு கிண்ணத்துக்கும் இரண்டு கட்சி கத்தியது. இரண்டுமே பொங்குகிறதே, எப்படிப் பிரிப்பது? ஒரு பெண், அதுவரை அந்த வகுப்பில் வாயே திறக்காதவள், இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். ஒன்று கரைந்தது, இன்னொன்று அடியில் தங்கியது. "தங்கினது சாக்பீஸ்" என்றாள். விரிவுரையாளர் டீச்சரைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

பல்கலைக்கழகம் அறிவைக் கொடுக்கும், பள்ளி வாங்கிக்கொள்ளும் என்று நினைத்துத் தொடங்குகிற கூட்டு பெரும்பாலும் படுத்துவிடும். பதினான்கு வயதுப் பிள்ளையை நாற்பது நிமிடம் எப்படிப் பிடித்து வைப்பது என்பது அந்த டீச்சருக்குத்தான் தெரியும். அதுவும் ஒரு பாண்டித்தியம். அந்த விரிவுரையாளர் தன் முதலாண்டு மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பையும் அப்புறம் மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்.

கசப்பும் உண்டு. எங்கள் கூட்டு முழுக்க அந்த டீச்சரும் பள்ளிகளோடு தொடர்பு வைக்கும் பல்கலைக்கழகத்து அவுட்ரீச் அலுவலர் ஒருவரும் என இரண்டே பேரின் தோளில் ஓடியது. அலுவலருக்கு ஓராண்டு ஒப்பந்தம். அது முடிந்தது, புதுப்பிக்கவில்லை. நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் திரும்பி வந்தன. எட்டு மாதம் அந்தப் பக்கம் யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. இதற்குள் ஒரு வகுப்பு முழுக்க இயர் 11-க்குப் போய்விட்டது. பிறகு நாங்கள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது இரண்டு விஷயம். இரு பக்கமும் இரண்டிரண்டு பேர் பொறுப்பில் இருக்க வேண்டும், அடுத்த ஆண்டுத் தேதிகளை ஜூலையிலேயே குறிக்க வேண்டும். தேதி ஏன் முக்கியம் என்றால், இரண்டு காலண்டரும் ஒத்துப்போகாது. பள்ளி செப்டம்பர் முதல் வாரம் தொடங்கினால் பல்கலைக்கழகம் மாதக் கடைசியில்தான் கண் விழிக்கும். மே மாதம் இரண்டு பக்கமும் தேர்வு. ஜூலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும், ஆனால் பல்கலைக்கழக மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். மிச்சம் இருப்பது அக்டோபர், நவம்பர், அப்புறம் பிப்ரவரி, மார்ச். உங்கள் மகளின் வகுப்புகளும் அந்த மாதங்களில்தான் இருக்கும், பாருங்கள்.

இனி உங்கள் குடும்பத்துக்கே உரிய இரண்டு விஷயம்.

படிவத்தில் சில பெட்டிகள் இருக்கும்: இலவச மதிய உணவு பெறுகிறாரா, அஞ்சல் குறியீடு என்ன, பெற்றோரில் யாராவது பல்கலைக்கழகம் போயிருக்கிறார்களா. கடைசிக் கேள்வியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தையும் பெரும்பாலும் பட்டமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "இங்கே படிக்கவில்லையே" என்று இல்லை போடாதீர்கள். ஆம் என்று போட்டாலும், வேறு காரணத்தால் அவளுக்கு இப்படிப்பட்ட வகுப்புகளுக்குத் தகுதி கிடைக்கலாம்; பின்னால் சில பல்கலைக்கழகங்கள் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சேர்க்கை மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு கிரேடு குறைத்துக்கொள்வதும் உண்டு. மற்றபடி இப்போதைக்குப் பள்ளி அவளைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அது போதும்.

இரண்டாவது சங்கடமானது, ஆனால் இப்போதே தெரிய வேண்டும். பள்ளி இலவசம் என்பதால் பல்கலைக்கழகமும் உள்நாட்டுக் கட்டணம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பு தொடங்கும் நாளில் நிரந்தர வசிப்புரிமை, அதாவது ஐ.எல்.ஆர்., கையில் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் இங்கே வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. வேறு பிரிவுகளும் உண்டு, ஆனால் வேலை விசாவில் புதிதாக வந்த குடும்பம் அவற்றில் அடங்குவது அரிது. மகள் இயர் 10 என்றால், மூன்று ஆண்டு வசிப்பு அதற்குள் தேறிவிடும், ஐ.எல்.ஆர். தேறுமா என்பதுதான் கேள்வி. தேறாவிட்டால் வெளிநாட்டு மாணவர் கட்டணம், மாணவர் கடனும் கிடையாது. பல்கலைக்கழகம் போகும் நாளில் அலுவலரைப் பார்த்து இதைக் கேட்க மகளிடம் சொல்லாதீர்கள், அது அவள் தலையில் ஏற்றும் சுமை. வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் யூகேசிசா (UKCISA) என்ற அமைப்பின் தளத்தில் பிரிவு பிரிவாக விளக்கம் இருக்கிறது, நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். இயர் 12-ல் வரும் சட்டன் டிரஸ்ட் கோடைப் பள்ளிகள், ஆக்ஸ்ஃபோர்டின் யூனிக் போன்றவை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முழுக்க இலவசம்தான், ஆனால் விண்ணப்பிக்கும் முன் அவற்றின் வசிப்புரிமை நிபந்தனையை ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஜி.சி.எஸ்.இ. கெடுமா என்று கேட்டீர்கள். ஆறு வாரத்தில் ஆறு மணி நேரம், ஒரு முழு நாள். அவ்வளவுதான் போகும். அன்று விட்ட பாடத்தை நண்பர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வகுப்பு கிடைக்காத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளத்தில் கணக்குப் புதிர்கள் இலவசம். என் இரண்டாவது மகள் அதில்தான் ஊறினாள், நான் கையெழுத்தே போட வேண்டியிருக்கவில்லை.

படிவத்தின் பின்பக்கத்தில் அவசரத் தொடர்பு எண்ணும் ஒவ்வாமை விவரமும் கேட்டிருப்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள். நான் கூடப்போன ஒரு பயணத்தில், அதை நிரப்பாத மூன்று வீட்டுக்கு ஆபீஸிலிருந்து போன் போட்டு முடிக்கும்வரை மினிபஸ் இருபது நிமிடம் வாசலில் நின்றது, அதில் ஒரு வீடு என்னுடையது.