கடவுள் மனம் மாறுவாரா? வாசகர் கேள்விகள்

கேள்வி: கடவுள் இருக்கிறார் என்று பைபிள் எந்த இடத்தில் நிரூபிக்கிறது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: எந்த இடத்திலும் இல்லை. முதல் வரியே 'ஆதியிலே தேவன்' என்று, அவர் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல ஆரம்பித்துவிடுகிறது. 14-ம் சங்கீதம் 'தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்' என்கிறது, அது வாதம் இல்லை, வசவு. நிரூபிக்கிற வேலையைப் பிற்பாடு வந்தவர்கள்தான் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். 11-ம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற துறவி அதே மதிகேடனைப் பிடித்து, 'இதைவிடப் பெரிதாக எதையும் நினைக்கவே முடியாது என்று ஒன்றை நினைத்துப் பார். அது உன் மனதில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருப்பது அதைவிடப் பெரிதாகிவிடுமே, ஆகவே அது நிஜத்திலும் இருந்தாக வேண்டும்' என்று மடக்கினார். கோனிலோ என்று இன்னொரு துறவி, அவரும் விசுவாசிதான், மதிகேடனுக்கு வக்காலத்து வாங்கி மறுப்பு எழுதினார்: இதைவிடச் சிறந்த தீவே கிடையாது என்று ஒரு தீவை நினைத்துக்கொண்டால், இதே கணக்கில் அதுவும் கடலில் எங்கோ இருந்தாக வேண்டுமா? ஆன்செல்ம் கோபப்படவில்லை. அந்த மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே தன் நூலைப் படியெடுக்கச் சொன்னார். வாதம் எனக்கு எடுபடவில்லை (ஏறத்தாழ 200 வருடம் கழித்து இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் அதை ஏற்காமல், உலகத்தில் கண்முன் நடக்கும் மாற்றத்திலிருந்து தொடங்கி வேறு ஐந்து வழிகளை வைத்தார்). ஆனால் ஆன்செல்மைப் பிடிக்கும்.

கேள்வி: பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்பது தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மாதிரிதானே?

பதில்: அந்த உவமையை விட்டுவிடுங்கள். ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்று ஆகிவிடும். சபெல்லியுஸ் என்ற ஆதிகாலப் போதகர் பேரில் வழங்கும் அந்தக் கருத்தைத் திருச்சபை அன்றே தள்ளிவிட்டது. இயேசு ஞானஸ்நானம் பெறும் காட்சியைப் பாருங்கள். குமாரன் ஆற்றிலிருந்து ஏறுகிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், குரல் வானத்திலிருந்து வருகிறது, எல்லாம் ஒரே நேரத்தில். சரி, அப்படியானால் மூன்று கடவுளா? அதுவும் இல்லை. சுதன் பிதாவோடு ஒரே சாரம் என்று 325-ல் நைசியாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அறிக்கையிட்டது. பொருத்தமான உவமை என்னிடம் இல்லை, யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இது வெறும் கணக்குப் புதிர் என்று நினைக்க வேண்டாம். 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்றால், உலகமே இல்லாதபோது யாரிடம் அன்பாக இருந்தார்? உலகம் உண்டாகுமுன்பே பிதா தன்னை நேசித்தார் என்று யோவான் 17-ல் இயேசு ஜெபத்தில் சொல்கிறார். கிறிஸ்தவர்களின் பதில் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: மாறாதவர் என்கிறார்கள், ஆனால் கடவுள் மனஸ்தாபப்பட்டார் (செய்ததை எண்ணி வருந்தினார்) என்றும் வருகிறதே. எது சரி?

பதில்: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். 1 சாமுவேல் 15-ம் அதிகாரத்தை எடுங்கள். 11-ம் வசனத்தில், சவுலை ராஜாவாக்கியது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்கிறார் கடவுள். அதைக் கேட்டு தீர்க்கதரிசி சாமுவேல் இரவெல்லாம் கூப்பிட்டுக் கதறுகிறார். அதே சாமுவேல் 29-ல், மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்கிறார். 35-ல் மறுபடியும் மனஸ்தாபப்பட்டார் என்று வருகிறது. மூன்று இடத்திலும் எபிரெயுவில் ஒரே வினைச்சொல்தான். எழுதியவர் கவனிக்காமல் விட்டார் என்று சொல்ல முடியாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.

16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் இதற்குச் சொன்ன பதில் பிரபலமானது: நாம் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கடவுள் இறங்கி வந்து பேசுகிறார், தாதி குழந்தையிடம் மழலை பேசுவது போல. பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். துக்கம் மழலை என்றால் அன்பும் மழலைதானா என்று அடுத்த கேள்வி வருமே, அங்கே தடுக்கிறது. என் மட்டில், மாறாதது அவருடைய குணமும் வாக்கும். ஆள் மாறினால் அதே குணம் அந்த ஆளிடம் வேறு விதமாக வெளிப்படும். வெயில் ஒன்றுதான், மெழுகு உருகும், களிமண் இறுகும். (இதுவும் உவமைதான், முன் பதிலில் உவமையைத் திட்டிவிட்டு!)

கேள்வி: பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், இயேசு காட்டுகிற கடவுள் அன்பானவர். இருவரும் ஒருவர்தானா?

பதில்: 2-ம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற கிறிஸ்தவப் போதகர் கேட்டதும் இதுதான். இல்லை என்று முடிவுகட்டி, பழைய ஏற்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெட்டித் திருத்திய லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். ரோமிலிருந்த சபை அவரை வெளியேற்றியது. மேலே சொன்ன 1 சாமுவேல் 15-லேயே அமலேக்கியர் என்ற இனத்தாரைப் பிள்ளைகுட்டியோடு கொல்லச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு உறுத்தவில்லை என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். ஆனால் அதே பழைய ஏற்பாட்டில்தான், நினிவே நகரத்தை எச்சரிக்கக் கடவுள் அனுப்பிய தீர்க்கதரிசி யோனாவும் இருக்கிறார். நினிவே அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டு, நீர் இரக்கமுள்ளவர், தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர், இது தெரிந்துதான் நான் முதலிலேயே ஓடிப்போனேன் என்று கடவுளிடமே சண்டை பிடிக்கிறார். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊர், அநேக மிருகஜீவன்களும் இருக்கின்றன, நான் பரிதபிக்க வேண்டாமா என்று கடவுள் திருப்பிக் கேட்கிறார். யோனா என்ன சொன்னார் என்று எழுதியிருக்கவில்லை, புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது.