தண்ணீர் நிறையக் குடித்தால் பி.பி. இறங்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பி.பி.க்கு டெல்மிசார்டன் 40 மி.கி. சாப்பிடுகிறார், ஆனாலும் 160/100-க்குக் கீழே வருவதில்லை. தண்ணீர் நிறையக் குடித்தால் உப்பு வெளியேறிவிடும் என்று கேள்விப்பட்டு நாளைக்கு 5 லிட்டர் குடிக்கிறார். வீட்டில் தூள் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறிவிட்டோம். இப்போது கடைக்காரர், "பி.பி.க்கு ஏற்றது, சோடியம் குறைந்த உப்பு" என்று ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். வாங்கலாமா? முழங்கால் வலிக்கு அவ்வப்போது ஒரு மாத்திரை போடுவார். மற்றபடி ஒன்றும் இல்லை.

பதில்: "மற்றபடி ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த முழங்கால் வலி மாத்திரைதான் எனக்கு முதல் சந்தேகம். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் தண்ணீர்.

ரத்தத்தில் உப்பின் அளவு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று உடம்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதை எளிதில் மாறவிடாது. உப்பு கூடினால் தாகம் எடுக்கும், சிறுநீரகமும் தண்ணீரை வெளியே விடாமல் தேக்கும். ஏறக்குறைய 9 கிராம் உப்பு தங்கினால் அதோடு ஒரு லிட்டர் தண்ணீர் தங்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று அச்சடித்திருப்பது இதே கணக்குதான். இப்படித் தேங்கும் நீரில் ஒரு பங்கு ரத்தக்குழாய்க்குள் நிற்பதால் அழுத்தம் ஏறுகிறது. நல்ல சிறுநீரகம் அதிகப்படி உப்பை ஓரிரு நாளில் தள்ளிவிடும். வயதும் சர்க்கரையும் சேர்ந்து தளர்ந்த சிறுநீரகத்துக்கு அதே உப்பைத் தள்ள அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. பி.பி. ஏறியே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, பிடித்து வைப்பது உப்பு. மேலே குடிக்கும் தண்ணீர் சில மணி நேரத்தில் வெளுத்த சிறுநீராகப் போய்விடும், உப்பைக் கூட அழைத்துக்கொண்டு போகாது. அப்பாவுக்கு இதில் கிடைப்பது ராத்திரித் தூக்கக் கேடு மட்டும்தான். நாளைக்கே பி.பி.யைக் குறைக்க, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டால், இவ்வளவு தண்ணீரில் ரத்தத்தின் சோடியம் மிகவும் இறங்கி, மனம் குழம்பிப் பேசும் நிலைகூட வரலாம். தாகத்துக்குத் தண்ணீர் போதும்.

இந்துப்பு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அது நூற்றுக்கு 97, 98 பங்கு நாம் காலங்காலமாகச் சாப்பிடும் அதே சோடியம் குளோரைடுதான். மிச்சமிருக்கும் தாதுக்கள் நிறம் தருவதற்குத்தான் காணும். பல பாக்கெட்டுகளில் அயோடினும் சேர்ப்பதில்லை. இதைப் பல மடங்கு விலைக்கு, பி.பி. நோயாளிகளைப் பார்த்தே விற்கிறார்கள். அதைவிட மோசம், "இது நல்ல உப்பு" என்ற நம்பிக்கையில் வீட்டில் கை தாராளமாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். நிறம் எதுவானாலும் அளவு அதுதான். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், பேக்கரி பிஸ்கட் எல்லாம் இதற்குள் அடக்கம்.

பாக்கெட்டின் பின்னால் பார்க்கலாமே என்றால், எறும்பு எழுத்தில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால்தான் உப்பு வரும். 62 வயதுக்காரர் கடையில் நின்று பெருக்கிக்கொண்டிருக்க முடியுமா? சிலி நாட்டில் 2016 முதல் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே "சோடியம் அதிகம்" என்று கறுப்பு முத்திரை குத்துகிறார்கள். இங்கே 2022-ல், உணவு எவ்வளவு நல்லது என்று பாக்கெட்டில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் மதிப்பீடு என்று ஒரு வரைவு போட்டு, பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, சோடியம் குறைந்த உப்பு. பொதுவாக அது நல்ல விஷயம். சோடியம் குளோரைடில் ஒரு பங்கைக் குறைத்துப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், இதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது வாங்காதீர்கள். டெல்மிசார்டன், பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும் வகை மருந்து. லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே அப்படித்தான். அதன் மேல் பன்னிரண்டு வருடச் சர்க்கரை, சிறுநீரகம் எவ்வளவு தாங்கும் என்றே நமக்குத் தெரியாது. அதன் மேல் பொட்டாசிய உப்பு என்றால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். வலியோ மயக்கமோ எதுவும் முன்னால் வந்து எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு), பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்த்து, "போடலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்தப் பாக்கெட் வீட்டுக்கு வர வேண்டும். இளநீர் தினமும் குடிப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதிலும் பொட்டாசியம் நிறைய. கடைக்காரர் இதையெல்லாம் கேட்கமாட்டார், அவருக்குத் தெரியவும் வேண்டியதில்லை. ஆனால் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட வேண்டியவர்கள் ஏன் போடுவதில்லை?

இப்போது முழங்கால். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் எல்லாம் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்குபவை. பி.பி. மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும். இந்த ஒரு மாத்திரையால் பி.பி. அடங்காமல், மேலும் மேலும் பி.பி. மருந்து கூட்டப்பட்ட நோயாளிகளை நான் நிறையப் பார்க்கிறேன். புற நோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் வலி மாத்திரையைப் பற்றி யார் கேட்பார்கள்? நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், இருமலுக்குச் சாப்பிடும் அதிமதுரப் பொடி இருந்தால் அதையும், அதுவும் பி.பி.யை ஏற்றும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். தண்ணீரில் கரைத்து நுரை பொங்கக் குடிக்கும் வகை வேண்டாம், அதில் சோடியம் நிறைய. முடிந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்று ஒரு பரிசோதனை கேளுங்கள். சாப்பிடும் உப்பில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியே வருகிறது, ஆகவே அப்பா எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்பது அதில் தெரிந்துவிடும். டெல்மிசார்டனை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.